செட்டியார் பொம்மைக்குப் பின்னால்

வங்கியில் யார் என்ன சிக்கலோடு வந்தாலும் நொடியில் அவிழ்த்துவிடும் விஜயலக்ஷ்மிக்கு, வீட்டுக் கொலுவின் முன்னால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காளிகாட்டிலேயே பிறந்து, காளிகாட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஊரே துர்கா பூஜைப் பந்தல் பார்க்கக் கிளம்பினாலும் தமிழ் மாமிகள் முதலில் அவள் வீட்டுச் சுண்டலைத்தான் தேடி வருவார்கள். அந்த நல்ல பெயருக்குத்தான் இப்போது ஆபத்து.

கொலுப் பூங்காவில் வழக்கமாக ஒரு குளமும் நாலு வாத்துகளும் இருக்கும். இந்த வருஷம் பதினாறு வயது மகள் ஹர்ஷினி, செருப்புப் பெட்டியில் ஒரு கிளினிக் கட்டி, உச்சியில் சிவப்பு ரிப்பன் ஒட்டி, கோணல் எழுத்தில் போர்டும் வைத்திருந்தாள்: ‘எச்.ஐ.வி. வராமல் தடுக்கலாம். பதின்வயதினர் கூச்சப்படாமல் கேட்கலாம்.’

கொலுவில் செருப்புப் பெட்டியா என்று கோபப்படுவதா, போர்டைப் பார்த்துப் பயப்படுவதா?

“ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாம்மா. எல்லாருக்கும் தெரியணும்ல?”

பாடம்தானா? இல்லை, இவளே யாரோடாவது...? கேட்பதற்குப் பதில் விஜயலக்ஷ்மி மளிகைக்கடைச் செட்டியார் பொம்மையைத் தூக்கிக் கிளினிக் வாசலில் உட்கார வைத்தாள். அவர் தொப்பைக்குப் பின்னால் போர்டு மறைந்தது. ஹர்ஷினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் வந்தவர்களெல்லாம் போன பிறகும் மாடிவீட்டுக் கோமதி மாமி கிளம்பவில்லை. செட்டியார் தலைக்கு மேல் தெரிந்த ரிப்பனைப் பார்த்தவள், குனிந்து, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் போர்டைப் படித்தாள். விஜயலக்ஷ்மிக்கு உயிரே போய்விட்டது.

“இந்த மாதிரி கிளினிக் நெஜமாவே எங்கயாவது இருக்கா, விஜி? எம்பிள்ளை அக்ஷய் நேத்து பூஜை மேளால சிநேகிதாளோட பச்சை குத்திண்டு வந்திருக்கான். எல்லாருக்கும் ஒரே ஊசியாம். யார்ட்ட கேக்கறதுன்னே தெரியலை.”

விஜயலக்ஷ்மிக்கும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

“கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீயா டெஸ்ட் பண்ணுவா, மாமி. அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, நீங்க கூடப் போய்ச் சம்மதிக்கணும். வேணும்னா டாக்டர் அது வராம தடுக்க மருந்தும் குடுப்பார், அதுக்கு நாழி ஆகக்கூடாது. இப்பவே போங்கோ. அவனைத் திட்டாதீங்கோ.”

மாமி வெற்றிலை பாக்குகூட வாங்காமல் ஓடினாள். பெருமைப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று விஜயலக்ஷ்மிக்குப் புரியவில்லை.

“உனக்கு... ஏதாவது இருக்காடீ?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்திருந்தா, என்னையும் இப்படித்தான் மறைச்சிருப்பியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். செட்டியாரைத் தூக்கி அவருடைய படியிலேயே வைத்துவிட்டு, சாய்ந்திருந்த போர்டை நிமிர்த்தி வைத்தாள்.