செவ்வாப்பேட்டைக் குணம்

எங்கள் வீட்டில் ஒருவருடைய சின்னச் சின்னக் கோணல்களுக்குச் 'செவ்வாப்பேட்டை' என்று பெயர். சித்தப்பா தட்டில் கடைசி வாய்ச் சோற்றை மிச்சம் வைப்பது ஒரு செவ்வாப்பேட்டை. அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிட்டு நான் அப்புறம் முழிப்பது இன்னொன்று. குடி, திருட்டு, கை நீட்டுவதெல்லாம் இதில் சேராது. அவற்றுக்கு வேறு சொற்கள் உண்டு.

சொல்லைத் தந்தவர் அப்பா. அம்பத்தூரில் வேலை முடிந்து திருவள்ளூருக்கு ரயிலில் வருவார். அம்மா போன் செய்து, "எங்க கீறீங்க?" என்றால், "இதோ, செவ்வாப்பேட்டை வந்துட்டேன்" என்பார். வீடு இன்னும் இரண்டே ஸ்டேஷன் என்று அர்த்தம். பின்னால் கம்பெனி மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அம்மா "சரி" என்று வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தோசைக்கல்லைப் போடுவாள்.

நான் நான்காவது படித்தபோது ஆண்டு விழாவில் எனக்கு மயில் நடனம். அம்பத்தூரில் வாடகைக்கு எடுத்த தோகையை அப்பாதான் கொண்டுவர வேண்டும். மதியத்திலிருந்தே நல்ல மழை. விழா தொடங்கியும் ஆளைக் காணோம். அம்மா போன் போட்டாள்.

"செவ்வாப்பேட்டை வந்துட்டேன். பாப்பாவ இருக்கச் சொல்லு."

அம்மா குடையை எடுத்துக்கொண்டு பள்ளி கேட்டில் போய் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக டீச்சரிடம் போய், "எங்கப்பா வரமாட்டாரு மிஸ். எப்பவும் இப்டித்தான் பொய் சொல்லுவாரு. என் பேர எடுத்துடுங்க" என்றேன். எடுத்துவிட்டார்கள்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குடைக்குள் அப்பா வந்தார். ரயில் செவ்வாப்பேட்டையிலேயே நின்றுவிட, ஆட்டோவும் கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறார். முட்டி வரை சேறு. பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டுச் சுற்றிய தோகையில் மட்டும் சொட்டு ஈரமில்லை.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றார். பேரை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது அதே ரயிலில் நான் வேலைக்குப் போய்வருகிறேன். அம்பத்தூரில் நின்றபடியே அம்மாவிடம் "செவ்வாப்பேட்டை வந்துட்டேன்" என்கிறேன். "சரி" என்கிறாள்; அடுப்பைப் பற்றவைப்பதில்லை. நிஜமாகவே வந்துவிட்டுச் சொல்லும் நாளில், வீட்டுக்குள் நுழையும்போதே கல் காய்ந்திருக்கிறது.

அன்று கேட்டில் நின்ற அம்மாவை, எத்தனை தடவை ஏமாந்தாலும் புத்தி வராதவள் என்று நினைத்தேன். அப்பாவின் அந்த ஒரே வார்த்தையில் பொய் எது, மெய் எது என்று அவளுக்குக் கேட்கத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.