கல்யாண பெல்ட்டில் தீட்டிய கத்தி

எமர்ஜென்சி முடிந்த சமயம். மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர்களுக்காக முள்ளும் தோலும் நீக்கிய மீன் கேட்டார்கள். குப்பத்தில் மீன் அறுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. அரிவாள்மணையில் பழகிய கை என்பதை மறந்துவிட்டு, கொடுவா மீனும் கத்தியுமாகப் போய் நின்றேன்.

முதல் மீனிலேயே மானம் போயிற்று. தோலோடு சதையும் பிய்ந்து பிய்ந்து வந்தது. பேன்ட்டும் பெல்ட்டுமாக நின்ற சமையற்காரர் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அறுத்தியா, கடிச்சுத் துப்புனியா? நாளைக்கு இன்னொரு தபா வா. இதே மாதிரி இருந்தா வேற ஆளப் பாத்துக்குறேன்."

வழியெல்லாம் மணலை உதைத்துக்கொண்டே வந்தேன். அந்த வேலை கிடைத்தால் கூடையும் தலையுமாகச் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு அலைய வேண்டாம். எனக்கு அதை விட மனசில்லை.

கத்தியைக் கல்லில் அரை மணி நேரம் தேய்த்தேன். தொட்டுப் பார்த்தால் விளிம்பில் சுரசுரவென்று ஒரு பிசிறு. சதையைப் பிய்ப்பது அதுதான். நாவிதர் தோல் வாரில் தீட்டுவது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த ஒரே தோல், என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோவுக்கு வாங்கிய பெல்ட். அதை வாசல் கம்பத்தில் கட்டி இழுத்துப் பிடித்து, கல்லில் தேய்ப்பது போலவே கூர் முன்னால் போகத் தள்ளினேன். மூன்றாவது தள்ளில் பெல்ட் இரண்டாகிவிட்டது.

பூவரசு மரத்தடியில் நாவிதர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். எதிரே போய்க் குந்தினேன்.

"இன்னாம்மா, என் கையையே பாத்துகினு கீற?"

"உன் வேலைய நீ பாருண்ணா."

நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். வாரில் கத்தியின் முதுகுதான் முன்னால் போகிறது. கூர் பின்னாலேயே படுத்தபடி வருகிறது. திரும்பும்போதும் முதுகின் மேல்தான் புரள்கிறது. இவ்வளவுதானா! இதற்கா ஒரு பெல்ட்டைப் பலி கொடுத்தேன்!

மிஞ்சிய பாதியில் அதே மாதிரி இழுத்தேன். பிசிறு போன இடம் தெரியவில்லை. சோறு தின்றுகொண்டிருந்த வீட்டுக்காரரின் இடது கையைப் பிடித்துக் கத்தியை லேசாக ஓட்டினேன். ஒரு வாட்ச் அகலத்துக்கு முடி வழித்துக்கொண்டு வந்தது.

"பேஜாரு பண்ணாத மே!" என்று அலறினார். பெல்ட் சமாச்சாரத்தை அப்போது நான் எடுக்கவில்லை.

மறுநாள் தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தியைப் படுக்கவைத்து இழுத்தேன். தோல் முழுசாக, ஓர் ஓட்டை இல்லாமல் கழன்றது. அதைத் தூக்கிச் சமையற்காரர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்போது இருந்த பெருமையில் எதிரே கிடந்த கடலே என்னுடையது போலிருந்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பிறகு தன் கத்தியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"தெனமும் வந்துடும்மா. இதையும் கொஞ்சம் தீட்டிக் குடு."

பாதி பெல்ட் என் கூடைக்குள்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கையை நீட்டினேன்.

"பெல்ட்டக் கழட்டு, அண்ணாத்த."