நூறு சொல்லுக்கு மேல் போகாத சித்தி

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவள், பையைக்கூடப் பிரிக்காமல் சித்தி வீட்டுச் சோபாவில் கிடந்தேன். சித்திக்கு ஒரு நாளிதழின் வாசகர் கடிதப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருடமாக, வருகிற கடிதங்களை நூறு சொல்லுக்கு வெட்டுகிறாள். சாக்கடை அடைப்போ உலகப் போரோ, நூறுதான். பயணத்தில் நான் எழுதிய பதினொரு பக்கக் கடிதம், "நலம். குளிர். செருப்பு அறுந்தது" என்று சுருங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

உதவி ஆசிரியராக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அதனால் நாற்பத்தாறு வயதில் இதழியல் மாணவியானாள். கடைசித் தாளுக்கு இணையத்தில் விவாதம்: வாராவாரம் ஒரு கருத்து எழுதி, இரண்டு பேருக்குப் பதிலும் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. "உங்கள் பங்களிப்பு பூஜ்ஜியம். இன்று ஐந்து மணிக்குள் முந்நூறு சொல் கட்டுரை வராவிட்டால் தேர்வு எழுத முடியாது."

"பூஜ்ஜியமா? எட்டு வாரமா முதுகு ஒடிய உக்காந்திருக்கேனேடி!"

கணினியைத் திறந்து பார்த்தேன். தளத்தை அமைத்த புண்ணியவான் எல்லாருக்கும் எல்லாவற்றையும் திருத்தும் வசதி கொடுத்திருந்தான். வகுப்பில் இருந்த அத்தனை பேரின் கருத்தும் கச்சிதமாக நூறு சொல்லில் நின்றது.

"சித்தி, நீ கருத்தும் எழுதலை, யாருக்கும் பதிலும் போடலையே!"

"இதுதானேடி பதில்? வந்ததைச் சரி பண்ணி வெச்சேன்."

"பேராசிரியர் கேள்வியையுமா?"

"ஒன்றரைப் பக்கம் சுத்தி வளைச்சிருந்தாரு. செய்தியாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்? இவ்வளவுதான் விஷயம்."

எட்டு வாரமாக யாரும் கவனிக்கவில்லை. தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் அந்த வகுப்பில் பேராசிரியர் உட்பட யாருக்கும் இல்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்குச் சித்தி அந்தக் கேள்விக்கே பதில் எழுத உட்கார்ந்தாள். "வாசகருக்கு."

"இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது."

நான்கு மணிக்கு அறுபது சொல் இருந்தது. குடிக்கத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அதை இருபத்திரண்டாக வெட்டியிருந்தாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "விடு சித்தி. உனக்குன்னு ஒரு கருத்தும் இல்லைன்னு எழுதிப் போட்டுடலாம்."

சித்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கா கருத்து இல்ல? பாலத்துல விளக்கு இல்லைன்னு ஒரு அம்மா நாப்பத்தோரு கடிதம் போட்டாங்க. அவங்க புருஷன் அங்க விழுந்தாருங்கிற வரியை நாப்பத்தோரு தடவையும் இடமில்லைன்னு வெட்டினவ நான். யாருக்குக் கடமைன்னு எனக்கா தெரியாது?"

"இதை எழுது."

எழுதினாள். விசைப்பலகை அலறியது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அறுநூற்றுப் பன்னிரண்டு சொல் ஆகியிருந்தது.

"ஒரு தடவை படிச்சுப் பார்த்துடறேனே..." அவள் விரல் அழிக்கும் பொத்தான் பக்கம் நகர்ந்தது.

"கையை எடு சித்தி!" மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் அவளே அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது: "தேர்வு எழுதலாம். ஆனால் நீளம் அதிகம், சுருக்கியிருக்கலாம்."

அதை அச்செடுத்த சித்தி, இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, என் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.