மணமகள் அறைக்கு ஒரு வயர்

எரியோட்டுக் காத்தமுத்துவுக்குக் கல்யாண வீட்டில் ஒரே ஒரு வேலைதான். மேடையில் கேமரா பிடிக்கிற படத்தைப் பந்தியில் இருப்பவர்களுக்கும், இடமில்லாமல் வெளியே நிற்கிறவர்களுக்கும் டிவியில் காட்ட வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தில் அவர் வயர் இழுக்காத மண்டபம் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் அவர் டிவி ஒருநாளும் நின்றதில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், ஊரில் எதெதற்கோ கர்வப்படுகிறார்கள்.

பழைய வயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும், அவர் நிறுத்த மாட்டார். அப்போதெல்லாம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. தூரம் கூடுதலென்றால் கேபிள் டிவிக்காரர்களின் தடித்த கறுப்பு வயர். அதன்மேல் தண்ணி லாரி ஏறி இறங்கினாலும் படம் வரும். ஃபோகஸ் லைட் தன் பக்கம் திரும்பினால் போதும், இலையில் கை வைத்திருக்கிறவர்கூட இடது கையால் தலையைக் கோதிக்கொள்வார். டிவியில் தன் முகம் வருவதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்த சித்தப்பாக்கள் இருந்தார்கள். அந்தச் சனங்களையும் அந்தச் சிரிப்பையும் நினைத்தால் காத்தமுத்துவுக்கு ஏக்கமாகத்தான் இருக்கும்.

போன ஆவணியில் பவித்ராவின் கல்யாணம். பெண்ணின் அண்ணன் அஜித் கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான். தங்கச்சிக்குச் சீராக ஐம்பத்தைந்து இன்ச் டிவி வாங்கியிருந்தவன், முதல் நாள் சாயங்காலமே அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மண்டபத்து மாடியில் மணமகள் அறையில் மாட்டச் சொன்னான்.

"அம்மாவுக்குண்ணே. அப்பா இல்லாததால மேடைப்பக்கம் வரக்கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்க்கிறாங்க. அம்மா ரூம்லயே உக்காந்து பாக்கட்டும். ஆனா படம் கண்ணாடி மாதிரி தெரியணும்."

அதற்காக அவன் முப்பது மீட்டர் ஹெச்டிஎம்ஐ வயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தான். காத்தமுத்து அதை எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அம்புட்டுத் தூரத்துக்கு இது தாங்காது தம்பி. வந்தா ஜோரா வரும், இல்லைன்னா ஒண்ணுமே வராது. நம்ம கறுப்பு வயரு அப்பிடி இல்ல. கொஞ்சம் மங்கினாலும் கைவிடாது. ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டாப் போதும்."

"ஹெச்டி டிவியில போயி பழைய வயரா? வேணாம்ணே, நான் வாங்கினதையே போடுங்க."

போட்டார். படம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மணவறைச் செவ்வந்தியில் இதழ் இதழாக எண்ணலாம் போல வந்தது. காத்தமுத்துவே அசந்துபோனார்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது மாடி டிவி கறுத்துப் போனது. கழற்றி மாட்டினார், முனையைத் துடைத்தார், திருப்பிப் போட்டார். சிக்னல் இல்லை என்று அது திரும்பத் திரும்ப எழுதிக் காட்டியது. மாப்பிள்ளைக்கு மாலை போட அஜித்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அண்ணே, எந்த வயரையாச்சும் போட்டு விடுங்க, அம்மா பாக்கணும்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

காத்தமுத்து வண்டியிலிருந்து கறுப்பு வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறினார். பத்து நிமிஷ வேலை. அறைக்குள் பெண்ணின் அம்மா சின்னக்கண்ணு தனியாக, புதுப்பட்டு மடிப்புக் கலையாமல், அந்தப் பெரிய டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கையை மூடியிருந்தார். விரலிடுக்கில் மஞ்சள் அரிசி தெரிந்தது.

அதைப் பார்த்ததும் காத்தமுத்து சுருளை இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார். தொண்ணூற்றொன்பதில் நடந்த அவருடைய தங்கச்சி சுகன்யாவின் கல்யாணம் கண்முன் வந்து நின்றது. அப்போது அவர் ஒரு ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். விதவையான அம்மா மாயம்மாளை, தேங்காய் மூட்டையும் காய்கறிக் கூடையும் கிடந்த சாமான் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையிலிருந்து அந்த அறை நாற்பது அடி. முதலாளியிடம் கேட்டு வயர் வாங்கி, பதினாலு இன்ச் டிவியில் அம்மாவுக்குப் படம் காட்டினார் காத்தமுத்து. தாலி கட்டும்போது மாயம்மாள் எழுந்து நின்று டிவியின்மேல் அரிசி தூவினார். டிவியின் முதுகுத் துளை வழியே விழுந்த அரிசியை அப்புறம் குலுக்கிக் குலுக்கி எடுத்தார்கள். தன் வயர் அம்மாவுக்குக் கல்யாணம் காட்டிய கதையாக இதை எத்தனையோ பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். நாற்பது அடிக்கு எதற்கு வயர், கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாமே என்பது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் உறைத்தது. மாயம்மாள் போய்ச் சேர்ந்தே நாலு வருஷமாகிறது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

"இன்னும் கறுப்பாவே இருக்கே தம்பி," என்றார் சின்னக்கண்ணு. "கெட்டிமேளம் கொட்டிருவாங்க."

"இந்த வயரு எட்டாதுக்கா."

சின்னக்கண்ணு அவர் தோளில் கிடந்த சுருளைப் பார்த்தார். மண்டபத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருமளவு இருந்தது அது. மாட்டுக்குக் கயிறு வாங்கிப் பழகிய கண்ணுக்கு அளவு தெரியாதா.

"எட்டாதா?"

"எட்டாது. எங்கூட கீழ வாங்க. மேடையில ஏற வேணாம். கேமரா நிக்கிற பலகையில நில்லுங்க. அது எங்க எடம், அங்க நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சின்னக்கண்ணு கறுத்துக் கிடந்த டிவியை ஒருதரம் பார்த்தார். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். அரிசி சிந்தாமல் கையை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார், எங்கும் நிற்கவில்லை.

கல்யாண வீட்டில் யாரும் ஒதுங்கச் சொல்ல முடியாத ஒரே சாதி கேமராக்காரர்கள்தான். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர்ச்சனம் அட்சதை போட்டுப் பழகிவிட்டது. மணவறைக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் கிடந்த பலகையில் ஃபயாஸ் கேமராவோடு நின்றான். காத்தமுத்து காதில் ஏதோ சொல்ல, அவன் ஓரமாய் நகர்ந்து சின்னக்கண்ணுவுக்கு இடம்விட்டான். பவித்ராவின் அத்தை முகம் கடுகடுக்க எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா, மாப்பிள்ளைய மறைக்கிறீங்க," என்றான் ஃபயாஸ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை என்ன செய்வார், தள்ளித்தான் நின்றார். குனிந்திருந்த பவித்ரா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மேளம் முழங்கியது. தாலி ஏறும்போது அவள் பார்வை வேறெங்கும் போகவில்லை. சின்னக்கண்ணு அரிசியைத் தூவிவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பந்தி ஓய்ந்தபிறகு, சின்னக்கண்ணுவும் காத்தமுத்துவும் இருந்த மாடி அறைக்கு அஜித் வந்தான். அம்மா இல்லாத மேடையில் நிமிர்ந்து பார்க்க மனமில்லாமல் தலையைக் குனிந்தே நின்றிருந்தவன், எதிர்ப் பலகையில் அவர் நின்றதைக் கவனித்திருக்கவில்லை. டிவி கறுப்பாகவே இருந்தது. சுருள் பிரிக்காமல் கிடந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்னண்ணே இது, வயரைக் கொண்டாந்துமா போடல? அம்மா ஒண்ணுமே பாக்கலையா?"

"அவர ஏன்டா வையிற," என்றார் சின்னக்கண்ணு. "நான் பாத்தேன்."

"எதுல பாத்தீங்க?"

"எதுலயும் இல்லப்பா. எம்புள்ளைக்கு எதுத்தாப்புல நின்னு பாத்தேன். அவளும் என்னையப் பாத்தா."

அஜித் அம்மாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காத்தமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெச்டிஎம்ஐ வயரைச் சுருட்டினார். கண் கலங்கியது. சுகன்யா கல்யாணத்தைப் பற்றி மாயம்மாளால் ஒருநாளும் இப்படிச் சொல்ல முடிந்ததில்லை.