துணி விளிம்பு வைத்த பெட்டிகள்

சரீபா ராத்தாவுக்குத் தையல்தான் சோறு போடுகிறது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் மிதிக்கத் தொடங்கிய மெஷினை, முல்லைத்தீவுக்குத் திரும்பியபோதும் விடாமல் கூடவே கொண்டுவந்தவர். அவர் தைத்த சட்டையில் பிரிந்த தையலை இதுவரை ஊரில் யாரும் கண்டதில்லை.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. நோன்பு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் பயான் நடக்கும், மௌலவியின் மார்க்கப் பேச்சு. பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். அவரின் முகம் தெரியாது, குரலை நம்பித்தான் இருக்க வேண்டும். அந்தக் குரலோ ஸ்பீக்கருக்குள் போய் வெறும் முழக்கமாக வெளியே வந்தது. முடிவில் ஓதும் துஆ பிரார்த்தனையில் எந்த வசனம் எங்கே முடிகிறது என்று விளங்காமல், பெண்களின் ஆமீன் எப்போதும் பிந்தித் தனியே இழுபடும். வெட்கப்பட்டே பலர் வராமல் நின்றுவிட்டார்கள்.

அந்த ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கிய கதை ஊரறிந்தது. நிர்வாகத்தார் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு பாட்டுப் போட்டார். மேளம் நெஞ்சில் இடித்தது. உடனே அதையே கட்டித் தரச் சொல்லிவிட்டார்கள். பாட்டே போடாத இடத்துக்குப் பாட்டைக் கேட்டு வாங்குகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் நோன்புக்கு முன்பே சரீபா பள்ளித் தலைவர் நாஸிம் ஹாஜியாரிடம் போனார். பெண்கள் பக்கத்துக்கு வேறு பெட்டி தானே பார்த்து வருவதாகச் சொன்னார். ஹாஜியார் சிரித்தார், மறுக்கவில்லை. இதுவும் சரிவராவிட்டால் இனி பயான் ஆண்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினார்.

வவுனியாவில் பழைய ரேடியோ, ஸ்பீக்கர் திருத்தி விற்கும் பாலனின் கடைக்கு பஸ் ஏறினார் சரீபா. பாலனும் பாட்டுத்தான் போடப் போனார்.

“பாட்டு வேணாம் தம்பி. நான் அந்தக் கதவுக்கு அங்கால நிக்கிறன். நீங்க மைக்கில பேப்பரை வாசிங்க.”

பாலன் மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்து வாசித்தார். பெட்டிகளைச் சோடி சோடியாக மாற்றி மாற்றி இணைத்தார். கதவுக்குப் பின்னால் நின்று சரீபா கேட்டதைத் திருப்பிச் சொல்ல, பாதிப் பெயர்கள் பிழைத்துப்போயின. நாலாவது சோடியில்தான் செத்தவரின் மருமக்கள் வரைக்கும் ஒரு பெயர் தப்பாமல் வந்தது.

பாலன் ஒளிக்கத் தெரியாத மனிதர். “அக்கா, இந்தக் கொம்பனி மூடிக் கனகாலம். சாமான் திறம்தான். பழுதானா பார்ட்ஸ் எடுக்கேலாது.”

சரீபா முன்மூடியைக் கழற்றச் சொன்னார். நடுக் கூம்பைச் சுற்றியிருந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். மற்றப் பெட்டிகளில் அந்த இடம் நுரைப் பஞ்சு, தொட்டால் உதிர்ந்தது. இதில் மடிப்பு மடிப்பாக, பதப்படுத்திய துணி.

“இது துணி தம்பி. கிழிஞ்சா நான் பாத்துக்கொள்ளுவன்.”

பெட்டிகள் பள்ளிக்கு வந்ததும் ஹாஜியார் சுற்றிப் பார்த்தார். “செத்துப்போன கொம்பனிட பெட்டி. வாறண்டி காட் எங்க ராத்தா?”

“காட் இல்ல ஹாஜியார். நான் இருக்கிறன்.”

அல்லாஹ் சிலருக்கு நல்ல காதைக் கொடுக்கிறான். பொறுப்பை ஏற்கிற மனதையும் சேர்த்துக் கொடுப்பது எல்லோருக்குமா?

முதல் நோன்பன்று பயான் முடிந்து மௌலவி துஆ ஓதினார். முதல் வசனம் முடிந்தது. திரைக்கு இரண்டு பக்கமும் ஆமீன் ஒன்றாக எழுந்தது. ஹாஜியார் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். இரண்டாவது வசனத்துக்கும் அப்படியே.

சரீபாவின் பையில் மெல்லிய துணியும் பசையும் இருந்தன. அந்த நோன்பு முடியும்வரை அவற்றை வெளியே எடுக்க வேண்டி வரவில்லை.