நாக்கால் வெள்ளி பார்த்த மாமா

என் தாய்மாமாவுக்கு வெள்ளியை நாக்கால் தொட்டே வயது சொல்லத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. நம்பியவர்கள் இரண்டு பேர்தான்: மாமா, நான்.

எங்கள் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த காலம். மாமா வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்ப்பவர். மீட்டரைவிடப் பூஜை அலமாரியை அதிக நேரம் பார்க்கிறார் என்ற புகார் அவர்மேல் உண்டு. பழைய வெள்ளியை உருக்கிப் புதுசு செய்துகொள்வதுதான் ஊர் வழக்கம் என்பதால், பத்தர் பட்டறைக்கு வரும் சாமான்களை நெருப்புக்குப் போகுமுன் எடைக்கு வாங்கிவிடுவார். சுண்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், கடைசியில் நக்கிப் பார்ப்பார். "எவ எவ வூட்டு எச்சியோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வந்த அன்று அதே அம்மா, மாமாவின் வெள்ளி முழுவதையும் கூடத்தில் பரப்பச் சொன்னாள். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் எங்களால் முடியாத சீரைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள். இதுவும் தட்டிப்போனால் அக்காவை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயத்தில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சந்தனக் கிண்ணத்தை நீட்டியதோடு மாமா நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு மரியாதைக்கு, "பழைய சாமானுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"நல்லாக் கேட்டீங்க சம்பந்தி!" மாமா சந்தனத்தை வேறு தட்டில் வழித்துப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "பூவேலை கையால அடிச்சது, பாட்டி காலத்துது. பேரு மட்டும் அப்புறமா வெட்டியிருக்கு. மக கல்யாணத்துக்குக் குடுத்திருப்பாங்க. இந்தாப் பாருங்க, திருமழபாடி, சௌந்தரம். பேரு மேல அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டிருக்கான். பொண்டாட்டிக்குத் தெரியாம அவசரமா வித்த சாமான் சம்பந்தி இது! சீட்டாடுற பயலாத்தான் இருக்கணும்."

மாமா மட்டும்தான் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். அடியைப் பார்த்தாள். அந்த எழுத்துகளைக் கட்டை விரலால் தடவினாள்.

"ஏங்க," என்றாள் கணவரிடம், அமைதியாக. "நாம நந்தி கல்யாணத் திருவிழாவுக்குத் திருமழபாடிக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப வூட்டுக்குள்ள புகுந்த திருடன், பெரம்பலூர் வரைக்கும் வந்து வித்திருக்கான் பாருங்க."

"திருடன்... எங்க வேணா விப்பான்," என்றார் அவர். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மாமா திருட்டுச் சாமான் வாங்கியிருக்கிறார்; போலீஸ் வரும். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா காபித் தட்டோடு வாசற்படியில் சிலையாகிவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, கணவரைப் பார்க்காமலே. "சீருன்னு வேற ஒண்ணும் வேணாம். இந்தக் கிண்ணத்த மட்டும் உங்க பொண்ணு கையில குடுத்து அனுப்புங்க. இனிமே அது அவகிட்டயே இருக்கட்டும். என்னங்க, சரிதானே?"

அவர் வேகமாகத் தலையாட்டினார். கேட்டிருந்தால் அரியலூர் வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பார்.

அம்மா அழுதாள். எனக்கோ அதைவிடப் பெரிய அதிர்ச்சி. எதிரே முழம் அகலத்துக்கு வெற்றிலைத் தட்டு மின்னுகிறது. இந்த அம்மாள் இருப்பதிலேயே சின்னக் கிண்ணத்தைக் கேட்கிறாள்! மாமாவிடம் பாடம் படித்தவன் சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் போய் அவள் காதில் சொன்னேன்: "அத்தை, அந்தத் தட்டுதான் கனம். அதக் கேளுங்க."

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். கண் மட்டும் ஏன் அப்படி நிறைந்திருந்தது என்று தெரியவில்லை. அரியலூர்க்காரர்களுக்கு வெள்ளி பார்க்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.