அண்ணி தேய்த்துவிட்ட எண்ணெய்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. அவள் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகிவிட்டன. இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கையில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். சுதந்திரம் வந்து பத்து வருடமாகியும் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான். அண்ணிக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை, எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காய்ந்து வந்த தூளைப் பரப்பி வைத்து அதிலிருந்து குச்சி பொறுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. மழை கிடையாது, அட்டைக்கடி கிடையாது, எல்லாவற்றையும்விட, கூடை கிடையாது.

கொழுந்து பறிக்கிறவர்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் சுமக்க வேண்டும். கயிறு அழுந்தி அழுந்தி உச்சந்தலையில் முடி தேய்ந்துபோகும். எங்கள் அம்மாவுக்கு அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்தான் இருந்தது. எனக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைக் கயிற்றுக்குப் பலி கொடுக்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். கங்காணியிடம் ஒரு வருடம் நச்சரித்துத்தான் ஸ்டோர் வேலையை வாங்கியிருந்தேன். சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

நீளம் இருந்ததே தவிர, என் முடி சொன்ன பேச்சுக் கேட்காது. சிலுப்பிக்கொண்டு நிற்கும். தேங்காய் எண்ணெய் வைத்தால் அரை மணி நேரம் படியும், அப்புறம் பழையபடிதான். அந்தச் சமயம் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். புதன்கிழமை, உடம்புக்கு முடியவில்லை என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணி, திரும்பி வரும்போது ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தாள். பச்சை நிற வாசனை எண்ணெய். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்மார் தலை வாரிப் பளபளவென்று வருவார்களே, அவர்கள் பூசுகிற ரகம். மூடியைத் திறந்ததும் அடுத்த காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“ஞாயித்துக்கிழம ஒரு நாளு தேச்சா படியாது புள்ள. நாளையிலேருந்தே தேச்சாத்தான் முடி வசத்துக்கு வரும். நானே வச்சு விடுறேன்” என்றாள்.

என் தலையில் பேன் பார்க்கக்கூட உட்காராதவள் அவள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழகாகப் போகிறேன் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

வியாழக்கிழமை விடியலில் உட்கார வைத்தாள். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையாலும் சூடு வரத் தேய்த்து, வகிட்டிலிருந்து நுனிவரை அழுத்தி அழுத்தி இழுத்தாள். பிறகு பேன்சீப்பால் வாரினாள். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு முடி எழும்பி நிற்கவில்லை. அப்படி ஒரு வழவழப்பு, அப்படி ஒரு மினுமினுப்பு. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்குப் போல நான் அழகாக இருந்ததே இல்லை.

ஸ்டோரில் பூ வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் வைக்கவில்லை. எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு குச்சி பொறுக்கினேன். பத்து மணி வாக்கில், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். என் முன்னால் கிடந்த குவியலில் ஒரு கை அள்ளி, வாயால் ஊதி, மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு குனிந்து என் தலையை முகர்ந்தார். இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைக்கு என்ன பூசினனி?”

“வாசன எண்ணெய்ங்க ஐயா.”

“பக்கத்தில என்ன மணம் இருந்தாலும் தேயிலை இழுத்துப்போடும். பிறகு ஆர் இதை வாங்கிறது? நாளைக்கு இஞ்ச வர வேண்டாம். மலைக்குப் போ.”

மறுநாள் காலை, ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் கங்காணி என்னைக் கொழுந்துக்கு அனுப்பினார். ஸ்டோருக்கு அண்ணியை அனுப்பினார். “கல்யாணத்துக்கு முந்தி ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஸ்டோர்ல மூணு வருஷம் குச்சி பொறுக்குன கையாமே. அதுவே வந்து கேட்டுச்சு” என்றார்.

மூன்று வருடம். எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்று அவளுக்கு அத்துப்படியாகத் தெரியும். மலையில் அன்று நான் கொழுந்தைப் பறிக்கவில்லை, பிய்த்தேன்.

சாயந்தரம் அடுப்படியில் அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேதான் செஞ்சீங்களா அண்ணி?”

“ஆமா.”

மாவிலிருந்து கையை எடுக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை.

“ரெண்டு புள்ள அந்த மலையிலதான் கலைஞ்சு போச்சு. மூணாவதும் நின்னிருக்குன்னு முந்தாநாள் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒங்கண்ணனுக்கே இன்னும் சொல்லல. நீ போய்ச் சொல்லணும்னா சொல்லு.”

நான் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்காரர்கள் வந்தார்கள், வடை தின்றார்கள், முடியை மெச்சினார்கள். “ஸ்டோர் வேல பாக்குற பொண்ணுன்னுல்ல சொன்னாங்க?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். அண்ணன் வாசலைப் பார்த்தான். அதோடு போனவர்கள்தான்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அத்தை அத்தை என்று என் காலைக் கட்டிக்கொண்டுதான் வளர்ந்தது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணியோடு மட்டும் கடைசிவரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வரும்போதெல்லாம், “வாயத் தெறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே” என்று சொல்லி அழுவேன். எல்லோரும் என் பக்கம்தான் பேசினார்கள்.

நான் சொன்னது பொய். அவள் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் அந்த வேலையை நான் கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை என்னால் மன்னிக்க முடியாமல் போனது அதனால்தான்.